படத்தில் அழகாக மடிந்த புரதம் பெல்லட்டில் ஏன் கிடக்கிறது?

கேட்டிருப்பதைச் சுருக்கினால் இதுதான். ஒரு பூஞ்சை வெளியே சுரக்கும் லைபேஸ் (கொழுப்பை உடைக்கும்) நொதி, 320 அமினோ அமிலம், அவற்றில் ஆறு சிஸ்டீன் (கந்தகம் உள்ள அமினோ அமிலம்). அதன் மரபணுவை ஈ.கோலை பாக்டீரியாவின் பிஎல்21 வகையில் போட்டு, 37 டிகிரியில் 1 மில்லிமோலார் ஐபிடிஜி (புரத உற்பத்தியைத் தொடங்கிவைக்கும் வேதிப்பொருள்) கொடுத்தால் மொத்தப் புரதமும் பெல்லட்டில் (செல்களை உடைத்துச் சுழற்றினால் அடியில் படியும் வண்டலில்) போய் உட்கார்ந்துகொள்கிறது. மேலே நிற்கும் திரவத்தில் ஒன்றுமில்லை. ஆனால் ஆல்ஃபாஃபோல்ட் (புரத வடிவத்தைக் கணிக்கும் மென்பொருள்) அதே அமினோ அமில வரிசைக்கு அடர்நீலத்தில் ஓர் அருமையான அமைப்பைத் தருகிறது. கரையட்டும் என்று ஓர் அமினோ அமிலத்தை மாற்றி மறுபடி கொடுத்தாலும் அச்சு அசல் அதே படம். ‘மடிப்புச் சிக்கல் தீர்ந்தது என்று நோபல் பரிசே கொடுத்துவிட்டார்கள், அப்படியானால் தவறு மென்பொருளிலா, என் கையிலா?’

இரண்டிலும் இல்லாமல் இருக்கலாம். மடிப்புச் சிக்கல் என்ற ஒரே பெயரில் மூன்று வேறு கேள்விகள் உலவுகின்றன. முதலாவது, வடிவத்துக்கான தகவல் எங்கே இருக்கிறது? இதற்கு ரைபோநியூக்ளியேஸ் நொதியை வைத்து கிறிஸ்டியன் அன்ஃபின்சன் பதில் சொன்னார். 1972-இல் நோபல் கிடைத்தது. 124 அமினோ அமிலம், நான்கு டிஸல்ஃபைட் பிணைப்பு (இரண்டு சிஸ்டீன்களின் கந்தகங்கள் சேர்வது) கொண்ட அந்த நொதியை யூரியாவிலும் மெர்கேப்டோஎத்தனாலிலும் முழுக்கப் பிரித்துவிட்டு, இரண்டையும் நீக்கினால் தானாகவே பழைய வடிவத்துக்குத் திரும்பி வேலையும் செய்தது. எட்டு சிஸ்டீன்களை 105 விதமாக ஜோடி சேர்க்கலாம். அது சரியான ஒன்றைத்தான் பிடித்தது. ஆக, தகவல் வரிசையிலேயே இருக்கிறது. இரண்டாவது, வரிசையைப் பார்த்து அந்த வடிவத்தைக் கணித்துவிட முடியுமா? 2024-இன் வேதியியல் நோபலில் டெமிஸ் ஹசாபிஸுக்கும் ஜான் ஜம்பருக்கும் போன பாதி இதற்குத்தான். மற்ற பாதி புதுப் புரதங்களை வடிவமைத்ததற்காக டேவிட் பேக்கருக்கு. மூன்றாவது, நீண்ட சங்கிலி அந்த வடிவத்துக்கு எந்த வழியாக, எவ்வளவு நேரத்தில், வழியில் எங்கெங்கே மாட்டிக்கொண்டு போய்ச் சேருகிறது? உங்கள் பெல்லட் இந்த மூன்றாவது கேள்வியின் பிரச்சினை. அதற்கு இன்னும் பொதுவான விடை கிடையாது.

இந்த இடைவெளி எவ்வளவு பெரிதாக இருக்க முடியும் என்பதற்கு ஆல்ஃபா லைட்டிக் புரோட்டியேஸ் என்ற பாக்டீரிய நொதியைப் பார்த்தால் போதும். முதிர்ந்த நொதி 198 அமினோ அமிலம்தான். அதன் படிக அமைப்பு துல்லியமாகத் தெரியும். பாக்டீரியா இதைத் தயாரிக்கும்போது முன்னால் 166 அமினோ அமில நீளத்துக்கு ஒரு முன்துண்டைச் சேர்த்தே தயாரிக்கிறது. மடிந்து முடிந்ததும் அந்தத் துண்டு வெட்டப்படுகிறது. முன்துண்டு இல்லாமல் முதிர்ந்த நொதியை மட்டும் மடியவிட்டால் பாதி மூலக்கூறுகள் மடிய ஏறத்தாழ 1,800 ஆண்டுகள் ஆகும் என்று வேக அளவீடுகளிலிருந்து கணக்கிட்டிருக்கிறார்கள். வடிவம் சரி, வரிசை சரி, ஆனால் வழியில் ஒரு மலை நிற்கிறது. படம் மலையைக் காட்டாது.

ஆல்ஃபாஃபோல்ட் ஏன் காட்டாது என்பது அது வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது. அது சங்கிலியை மடித்துப் பார்ப்பதில்லை. உங்கள் வரிசைக்கு உறவான நூற்றுக்கணக்கான வரிசைகளைத் தேடி ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குகிறது. ஓரிடத்தில் அமினோ அமிலம் மாறும்போதெல்லாம் வேறோரிடத்திலும் மாறுகிறது என்றால் அந்த இரண்டும் முப்பரிமாணத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்க வாய்ப்பு அதிகம். அந்தச் சாடையையும், 1971 முதல் புரதத் தரவு வங்கியில் சேர்ந்த சோதனை அமைப்புகளிலிருந்து கற்றதையும் சேர்த்து முடிவான வடிவத்தை நேராக எழுதுகிறது. 2020-இல் நடந்த 14-ஆம் காஸ்ப் (புரத வடிவக் கணிப்பு) போட்டியில் அதன் நடு மதிப்பெண் 100-க்கு 92.4. சோதனை அமைப்புகளோடு தோளுரசும் நிலை அது, சந்தேகமில்லாத சாதனை. ஆனால் அடுக்கு மெலிந்தால், சுமார் 30 வரிசைக்குக் கீழே போனால், துல்லியம் சட்டென்று சரியும். லைபேஸ் குடும்பம் பெரியது, உங்களுக்கு அந்தக் கவலை இருக்காது.

படத்தை எப்படி வாசிப்பது என்பதற்கு வருகிறேன். அடர்நீலம் என்றால் பிஎல்டிடிடி என்ற நம்பிக்கை மதிப்பெண் 90-க்கு மேல். வெளிர்நீலம் 70 முதல் 90. மஞ்சள் 50 முதல் 70. ஆரஞ்சு 50-க்குக் கீழ். இது அந்தந்த அமினோ அமிலத்தின் உள்ளூர் நம்பிக்கை மட்டும். ‘இந்தப் புரதம் நிலைத்து நிற்கும்’, ‘கரையும்’, ‘வேலை செய்யும்’ என்ற எதையும் அந்த நிறம் சொல்லவில்லை. மனிதப் புரதங்கள் அனைத்தையும் கணித்தபோதுகூட அமினோ அமிலங்களில் 36 சதவீதத்துக்குத்தான் 90-க்கு மேல் கிடைத்தது; 70-க்கு மேல் என்று பார்த்தால் 58 சதவீதம். மிச்சத்தில் பெரும்பகுதி இயல்பிலேயே உருவமற்றுத் தொங்கும் பகுதிகள். ஆக, ஆரஞ்சைப் பார்த்துப் பதற வேண்டாம், நீலத்தைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். இன்னொரு சதுரப் படம் வரும், பிஏஇ. இரண்டு பகுதிகள் ஒன்றுக்கொன்று எந்த நிலையில் இருக்கின்றன என்பதில் எத்தனை ஆங்ஸ்ட்ராம் தவறு இருக்கலாம் என்று அது காட்டும். தனித்தனியே நீலமாக இருக்கும் இரண்டு டொமைன்களுக்கு (தனித்து மடியும் பகுதிகளுக்கு) நடுவே பிஏஇ 20-ஐத் தாண்டினால் அவை ஒட்டி நிற்பதுபோல் தெரிவதைப் பொருட்படுத்தாதீர்கள்.

இப்போது உங்கள் மாதிரியைத் திறந்து மூன்று இடங்களைப் பாருங்கள். முதல் இடம், தொடக்கம். முதல் 15 முதல் 25 அமினோ அமிலம் ஆரஞ்சிலோ மஞ்சளிலோ தனியாக நீட்டிக்கொண்டிருந்தால் அது பெரும்பாலும் சுரப்புச் சமிக்ஞைத் துண்டு. பூஞ்சையில் நொதி வெளியேறும் வழியிலேயே அது வெட்டப்பட்டுவிடும். தரவுத்தளத்தில் இருக்கும் வரிசையை அப்படியே எடுத்து மரபணு செய்யச் சொல்லிவிட்டால் இந்தத் துண்டும் கூடவே வரும். எண்ணெய்ப்பசை மிகுந்த துண்டு, ஈ.கோலையின் உள்ளே அது ஒட்டுப்பசைதான். சிக்னல்பி போன்ற கருவியில் போட்டு வெட்டும் இடத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். அதற்குப் பிறகும் ஒரு முன்துண்டு இருக்கிறதா என்று பாருங்கள். ரைசோமியூகோர் மியேஹை பூஞ்சையின் லைபேஸில் முதிர்ந்த நொதி 269 அமினோ அமிலம். அதற்கு முன்னால் 70 நீளத்துக்கு ஒரு முன்துண்டு உண்டு. உங்களுடையதில் அப்படி ஒன்று இருந்தால் அதைக் கழற்றுவதா வைப்பதா என்பதைச் சோதனைதான் முடிவு செய்யும். இரண்டு பிளாஸ்மிட் (மரபணுவைச் சுமக்கும் டிஎன்ஏ வளையம்) செய்வது நல்லது.

இரண்டாவது, சிஸ்டீன்கள். ஆல்ஃபாஃபோல்டின் இரண்டாம் பதிப்பு டிஸல்ஃபைட் பிணைப்பு என்று தனியாக எழுதித் தராது, ஆனால் பிணைய வேண்டியவற்றைப் பெரும்பாலும் சரியான தூரத்தில் வைத்துவிடும். கந்தகத்துக்கும் கந்தகத்துக்கும் இடையே 2 ஆங்ஸ்ட்ராம் அளவில் தூரம் இருந்தால் ஜோடி என்று கொள்ளலாம். ஆறு சிஸ்டீனை 15 விதமாக ஜோடி சேர்க்கலாம், 14 தவறு. ஈ.கோலையின் சைட்டோபிளாசம் (செல்லின் உட்பகுதி) இந்தப் பிணைப்புகளை உருவாகவே விடாத சூழல், அங்கே இருக்கும் தயோரிடாக்சின், குளூட்டாதியோன் பாதைகள் இரண்டும் சிஸ்டீன்களை ஒடுக்கிய (பிணையாத) நிலையிலேயே வைத்திருக்கும். பூஞ்சை இதே நொதியை எண்டோபிளாச வலைக்குள் (சுரக்கும் புரதங்கள் மடியும் செல் அறைக்குள்), பிணைப்பைப் போட்டுத் திருத்தும் நொதிகளின் துணையோடு, சர்க்கரைச் சங்கிலிகளையும் ஒட்டி மடிக்கிறது. என் கணிப்பில் உங்கள் முதல் சந்தேக நபர் இதுதான். வரிசையைக் கண்ணால் பார்க்காமல் அதற்கு மேல் அடித்துச் சொல்ல முடியாது.

மூன்றாவது, மூடி. பல பூஞ்சை லைபேஸ்களில் செயல்மையத்தின்மேல் ஒரு சிறு ஹீலிக்ஸ் (சுருள்) மூடியாகக் கிடக்கும். எண்ணெய்ப் பரப்பில்தான் திறக்கும். மேலே சொன்ன ரைசோமியூகோர் லைபேஸின் 1990-ஆம் ஆண்டுப் படிக அமைப்பில் மூடி மூடியிருந்தது. அடுத்த ஆண்டு தடுப்பான் பிணைந்த அமைப்பில் திறந்திருந்தது. ஆல்ஃபாஃபோல்ட் தருவது இரண்டில் ஒன்று, அல்லது நடுவில் ஏதோ ஒன்று. ‘செயல்மையம் அடைபட்டிருக்கிறது, அதனால் நொதி செத்தது’ என்று எழுதிவிடாதீர்கள். மாதிரியின் பொதுத் தரத்துக்கு ராமச்சந்திரன் வரைபடத்தையும் (புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்ப முடியும் என்று காட்டுவது) ஒரு தடவை பாருங்கள். 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து ஜி.என். ராமச்சந்திரனும் சி. ராமகிருஷ்ணனும் வி. சசிசேகரனும் வெளியிட்ட அந்தக் கோணக் கணக்கைத்தான் இன்றும் ஒவ்வோர் அமைப்பையும் சரிபார்க்க எடுக்கிறோம். கிளைசீன் அல்லாத அமினோ அமிலம் தடைப்பகுதியில் விழுந்தால் அந்த வளைவை நம்பாதீர்கள்.

இனி, 37 டிகிரியில் என்ன நடக்கிறது? மடிதல் ஒரு மூலக்கூறு தனியாகச் செய்யும் வேலை; அதன் வேகம் செறிவைப் பொறுத்ததல்ல. பாதி மடிந்த இரண்டு மூலக்கூறுகள் ஒட்டிக்கொள்வதற்கு இரண்டும் சந்திக்க வேண்டும். செறிவு கூடக்கூட இது மளமளவென்று ஏறும். டி7 புரோமோட்டர் (மரபணுவை வேகமாக இயக்கும் டிஎன்ஏ பகுதி), 1 மில்லிமோலார் ஐபிடிஜி, 37 டிகிரி என்றால் கூட்டநெரிசலில் தள்ளிவிடுவதுபோல. கூடவே, பாக்டீரிய ரைபோசோம் வினாடிக்கு 15 முதல் 20 அமினோ அமிலம் கோக்கும். பூஞ்சை போன்ற யூகேரியோட்டில் ஐந்து அல்லது ஆறு. பூஞ்சையில் ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் நிதானமாக வெளிவந்து, வரும்போதே மடியும் சங்கிலி இங்கே இருபது வினாடிக்குள் வந்து விழுகிறது. மடிய உதவும் ஹெச்எஸ்பி70 மாதிரியான துணைப் புரதங்களும், ஏழு ஏழாக இரண்டு வளையம் சேர்ந்த குரோஇஎல் பீப்பாயும் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் இந்த வெள்ளத்துக்கு அவை போதாது.

ஆகவே சமிக்ஞைத் துண்டை வெட்டிய மரபணுவைச் செய்துகொண்டு, ஷஃபிள் மாதிரியான ஈ.கோலை வகையில் போடுங்கள். அதில் ஒடுக்கும் பாதைகள் முடக்கப்பட்டு, தவறான ஜோடிகளைத் திருத்தும் டிஎஸ்பிசி புரதம் சைட்டோபிளாசத்திலேயே இருக்கும். 30 டிகிரியில் வளர்த்து, ஓடி (செல் அடர்த்தியைக் காட்டும் கலங்கல் அளவு) 0.6 வந்ததும் குடுவையைப் பனிக்கட்டியில் வைத்து ஆற்றி, 0.1 முதல் 0.2 மில்லிமோலார் ஐபிடிஜி கொடுத்து 16 டிகிரியில் இரவு முழுக்க விடுங்கள். ஆற்றாமலே ஐபிடிஜி போட்டுவிட்டு ஷேக்கரை 16-க்குத் திருப்புவது பலர் செய்யும் பிழை. அரை லிட்டர் மீடியா குளிர அரைமணி நேரம் போய்விடும், அதற்குள் பாதிப் புரதம் சூட்டிலேயே பிறந்து படிந்திருக்கும். எம்பிபி டேகை (முனையில் ஒட்டும், நன்றாகக் கரையும் இன்னொரு புரதத்தை) சேர்த்தால் கரைந்ததுபோல் தெரியும். டெவ் புரோட்டியேஸால் டேகை வெட்டியதும் மறுபடி வெள்ளையாகப் படிந்தால், உங்கள் புரதம் எம்பிபியின் முதுகில் தொங்கிக்கொண்டிருந்ததே தவிர மடியவில்லை என்று அர்த்தம். கரைந்த பகுதியை 15,000 ஜி-யில் அரைமணி சுழற்றிய பிறகும் ஜெல் ஃபில்ட்ரேஷனில் (மூலக்கூறுகளை அளவுவாரியாகப் பிரிக்கும் முறையில்) ஏற்றிப் பாருங்கள். 35 கிலோடால்டன் புரதம் முதலிலேயே, வாய்ட் பீக்கில் (மிகப் பெரியவை வரும் இடத்தில்) வந்து விழுந்தால் அது கரைந்திருக்கும் திரள்.

இதுவும் பலிக்காவிட்டால் பெல்லட்டிலிருந்தே மீட்கலாம். பெல்லட்டை 1 சதவீத டிரைட்டான் எக்ஸ்-100 கலந்த பஃபரில் இரண்டு தடவையும், டிரைட்டான் இல்லாமல் ஒரு தடவையும் கழுவி, 8 மோலார் யூரியா, 10 மில்லிமோலார் டிடிடி (டிஸல்ஃபைட் பிணைப்பை உடைப்பது), பிஹெச் 8-இல் கரையுங்கள். யூரியாவை அன்றன்று கலக்க வேண்டும், சூடுபடுத்தக் கூடாது. நின்ற யூரியாவில் சயனேட் உண்டாகி லைசீன்களில் ஒட்டிக்கொள்ளும். பிறகு எத்தனை அழகாக மடித்தாலும் நொதி சரிவர வேலை செய்யாது. கரைத்ததை 50 மில்லிமோலார் டிரிஸ் பிஹெச் 8.5, 0.5 மோலார் ஆர்ஜினின், 2 மில்லிமோலார் ஒடுக்கிய குளூட்டாதியோன், 0.4 மில்லிமோலார் ஆக்சிஜனேறிய குளூட்டாதியோன் கொண்ட குளிர்ந்த பஃபரில் துளித்துளியாக விடுங்கள். நூறு மடங்காவது நீர்க்க வேண்டும், முடிவுச் செறிவு ஒரு மில்லிக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. நூறு மடங்கு ஏன் என்றால், கூடவே வரும் டிடிடியும் 0.1 மில்லிமோலாருக்கு இறங்க வேண்டும். பத்து மடங்கில் நிறுத்தினால் 1 மில்லிமோலார் டிடிடி தங்கி, நீங்கள் போட்ட ஆக்சிஜனேறிய குளூட்டாதியோன் முழுவதையும் தின்றுவிடும். கலங்கினால் செறிவு அதிகம். இந்த அளவுகள் ஒரு தொடக்கப்புள்ளிதான். பிஹெச், ஆர்ஜினின், குளூட்டாதியோன் விகிதம் மூன்றையும் சின்னச் சின்னக் குழாய்களில் மாற்றிப் பார்த்தே உங்கள் நொதிக்கு உரியதைக் கண்டுபிடிக்க வேண்டும். சர்க்கரைச் சங்கிலி இல்லாமல் நொதி நிற்கவில்லை என்று தெரிந்தால் ஈ.கோலையை விட்டுவிட்டுப் பிக்கியா ஈஸ்டுக்குப் போவதுதான் வழி.

மாற்றம் செய்தும் படம் மாறாதது பற்றி. இது எதிர்பார்த்ததுதான். ஓர் எழுத்தை மாற்றினாலும் அடுக்கில் இருக்கும் நூற்றுக்கணக்கான உறவு வரிசைகள் அப்படியேதானே இருக்கின்றன. மாதிரி அவற்றைப் பார்த்துப் பழைய வடிவத்தையே எழுதும். சில நேரம் அது உண்மையும்கூட. அரிவாள் செல் சோகையில் ஹீமோகுளோபின் பீட்டா சங்கிலியில் 6-ஆம் இடத்துக் குளூட்டாமிக் அமிலம் வாலினாகிறது; சங்கிலியின் மடிப்பு மாறுவதில்லை, மேற்பரப்பில் ஒரு பசை உண்டாகி மூலக்கூறுகள் இழையிழையாகக் கோத்துக்கொள்கின்றன. (தரவுத்தளத்தில் இது 7-ஆம் இடம், தொடக்க மெத்தியோனினையும் எண்ணுவதால் வரும் குழப்பம். உங்கள் மாற்றத்தின் எண்ணையும் இதேபோல் சரிபாருங்கள், முக்கியமாகச் சமிக்ஞைத் துண்டை வெட்டியிருந்தால்.) சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற மரபு நோயில் 1,480 அமினோ அமிலம் கொண்ட சிஎஃப்டிஆர் புரதத்தின் 508-ஆம் இடத்து ஃபீனைல்அலனின் ஒன்றே ஒன்று காணாமல் போகிறது. அந்த டொமைனின் படிக அமைப்பு ஏறத்தாழ மாறாமலே இருக்கிறது. ஆனால் செல்லுக்குள் புரதம் சரியாக மடியாமல் எண்டோபிளாச வலையிலேயே பிடிபட்டு அழிக்கப்படுகிறது. வளர்ப்புச் செல்களை 27 டிகிரியில் வைத்தால் கொஞ்சம் தப்பித்து மேலே வருகிறது. 16 டிகிரியில் வளர்க்கச் சொல்வதற்கும் இதற்கும் தூரத்து உறவு உண்டு.

மாற்றத்தால் நிலைத்தன்மை கூடுமா குறையுமா என்பதற்கு ஃபோல்ட்எக்ஸ், ரோசெட்டா போன்ற ஆற்றல் கணக்குகளைப் பயன்படுத்தலாம். பெரிய கெடுதலை அவை ஓரளவு பிடிக்கும். ஒரு கிலோகலோரி அளவு வித்தியாசத்தில் நம்ப முடியாது. பெரும்பாலான புரதங்கள் பிரிந்த நிலையைவிட 5 முதல் 15 கிலோகலோரி மட்டுமே நிலையாக இருப்பதால் அந்தப் பிழை சின்னதல்ல. இந்தத் துறையில் என் பார்வையில் அதிகம் பேசப்படாத முன்னேற்றம் 2023-இல் வந்தது: 40 முதல் 72 அமினோ அமிலம் கொண்ட சிறு டொமைன்களில் ஏறத்தாழ 7,76,000 நிலைத்தன்மை அளவீடுகளை ஒரே முறையில் எடுத்திருக்கிறார்கள். கணிக்கும் கருவிகளைப் பழக்க இப்படிப்பட்ட எண்கள்தான் வேண்டும். ஆனால் 300 அமினோ அமிலமும் மூன்று டிஸல்ஃபைடும் கொண்ட சுரப்பு நொதிக்கு அவை எவ்வளவு பொருந்தும் என்பது இன்னும் திறந்த கேள்வி.

புதிய பதிப்பில் போட்டால் வேறு விடை வருமா என்று அடுத்துத் தோன்றும். 2024-இல் வந்த ஆல்ஃபாஃபோல்ட் 3 உலோக அயனி, சர்க்கரை, சிறு மூலக்கூறு, டிஎன்ஏ எல்லாவற்றையும் சேர்த்து வரைகிறது. இரண்டு புரதங்கள் சேருவதைப் பார்க்க ஐபிடிஎம் (அந்தச் சேர்க்கைக்கான நம்பிக்கை மதிப்பெண்) 0.8-க்கு மேல் இருந்தால் நம்பலாம், 0.6-க்குக் கீழ் விட்டுவிடலாம், நடுவில் இருந்தால் சோதனை வேண்டும். ஆனால் உருவமற்ற பகுதிகளுக்கும் இல்லாத உருவத்தைக் கற்பித்துவிடும் குணம் அதற்கு உண்டு. இரண்டாம் பதிப்பே 140 அமினோ அமில ஆல்ஃபா சைன்யூக்ளினைப் பெரும்பகுதி நீண்ட ஹீலிக்ஸாக வரைகிறது; சவ்வில் ஒட்டும்போது அது அப்படித்தான், தனியே கரைசலில் இருக்கும்போது அப்படியல்ல. கரைதிறன், மடியும் வேகம் இரண்டுக்கும் எந்தப் பதிப்பிலும் மதிப்பெண் கிடையாது.

புரதம் கரைந்து கைக்கு வந்ததும் வட்ட இருநிறமை அளவீட்டுக்கு (ஹீலிக்ஸ் போன்ற மடிப்புகளை ஒளியால் அறியும் முறைக்கு) எடுத்துப் போகும் முன் பஃபரை 10 மில்லிமோலார் பாஸ்பேட்டுக்கு மாற்றிவிடுங்கள். குளோரைடு, இமிடசோல், ஆர்ஜினின் மூன்றும் 200 நானோமீட்டர் பக்கத்தில் ஒளியை விழுங்கி வளைவையே கெடுத்துவிடும். 208-லும் 222-லும் பள்ளம் தெரிந்தால் ஹீலிக்ஸ் இருக்கிறது. அதன் பிறகு பாரா-நைட்ரோஃபீனைல் பால்மிடேட்டில் (லைபேஸ் உடைத்தால் மஞ்சளாகும் பொருளில்) செயல்பாட்டைப் பாருங்கள். கொதிக்கவைத்த அதே புரதத்தையும் பக்கத்துக் குழாயில் வைத்துக்கொண்டு. இத்தனைக்கும் முதல் வேலையாக, உங்கள் பிளாஸ்மிட்டை வரிசைப்படுத்தி ஆறு சிஸ்டீனும் இருக்கின்றனவா என்று எண்ணிவிடுங்கள். ஐந்து இருந்தால் மேலே எழுதிய எதையும் செய்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.